காதுமிசின் ஆற்றில் விழுந்த கிழமை

எங்கள் வளவு வாசற் கடப்படியில் அந்த மனிதர் நின்ற கோலம் இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை. வேட்டி நனைந்து காலோடு ஒட்டிக் கிடக்கிறது. சட்டையில் ஒரு பக்கம் முழுக்கச் சேறு. ஒரு காலில் செருப்பு இருக்கிறது, மற்றக் காலில் இல்லை. வலது கையைப் பொத்தி நெஞ்சோடு பிடித்திருக்கிறார். விரலிடுக்கால் தண்ணீர் சொட்டுகிறது. முகத்தில் மட்டும் சிரிப்பு.

உரலடியில் நின்ற அம்மா பதறிக்கொண்டு ஓடினார்.

“என்ன மனே இது கோலம்? ஆத்துக்க விழுந்திட்டீங்களா?”

“ஓம் மாமி. சாப்பிட்டுத்தான் வந்தன்.”

“தோணி கவிண்டு போச்சா?”

“அவங்களும் சுகமா இருக்காங்க.”

குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்ற எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. அது ஒரு திங்கட்கிழமை. வருகிற வெள்ளிக்கிழமை எனக்கும் இவருக்கும் எழுத்து. விவாகப் பதிவை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்லுவோம். ஞாயிற்றுக்கிழமை தாலி. மாப்பிள்ளை நனைந்த கோழியாட்டம் வந்து நிற்கிறார்.

கையை விரித்தார். உள்ளங்கையில் அவருடைய காதுமிசின் இருந்தது. அதன் சின்னச் சின்ன ஓட்டைகளால் ஆற்றுத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

போன கிழமை இந்த வாராந்தப் பத்தியில் பள்ளிக்கூடத்து ஆட்டைப் பற்றி எழுதியதற்கு என் தங்கை தொலைபேசியில் கூப்பிட்டு, “அக்கா, ஆட்டுக் கதை போதும், உங்கட கலியாணக் கதைய எழுதுங்க” என்றாள். எழுதலாம். ஆனால் எனக்கே முழுசாக விளங்காத கதையை மற்றவர்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? அந்தக் கிழமையில் யார் எதைக் கெடுத்தார்கள், யார் எதைத் திருத்தினார்கள் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். நான் எல்லாவற்றையும் நம்பினேன். அதுதான் என் குழப்பத்துக்கு முதல் காரணம்.

பொக்கற்றுக்குள் பாட்டு

அவருக்குப் பெயர் சிவலிங்கம். ஊர் படுவான்கரை, அதாவது ஆற்றுக்கு மேற்கே உள்ள அம்பிளாந்துறை. நாங்கள் கிழக்கே, எழுவான்கரையில், குருக்கள்மடம். நடுவே கிடப்பதை வாவி என்று புத்தகத்தில்தான் எழுதுவோம். வாயால் சொல்லும்போது அது ஆறுதான்.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவருடைய காது இரண்டையும் அடைத்துவிட்டது. பிறகு கெட்டிக்காரத்தனமாகப் படித்து, மட்டக்களப்பில் ஓர் அலுவலகத்தில் வாய்க்கால்களுக்குப் படம் வரைகிற வேலைக்குச் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் கொழும்பில் இருந்து காதுமிசின் வந்தது. சிகரெட் பெட்டி அளவில் ஒரு தகரப் பெட்டி. அதைச் சட்டைப் பொக்கற்றில் கொழுவி, அதிலிருந்து வரும் மெல்லிய வயரின் நுனியில் உள்ள குமிழைக் காதுக்குள் வைக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துச் சனம் அப்படியொன்றை அதுவரை கண்டதில்லை. மனிசன் பொக்கற்றுக்குள் றேடியோ வைத்துக்கொண்டு திரிகிறான் என்று நினைத்தார்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர், “தம்பி, இப்ப என்ன பாட்டுப் போகுது?” என்று கேட்பார். இவரும் சளைக்காமல், “இப்ப செய்தி ஐயா, பாட்டு இனித்தான்” என்பார்.

பெண் பார்க்க வந்த அன்று, காப்பியைக் கொடுத்துவிட்டு நான் திரும்பியபோது எல்லோருக்கும் முன்னால் என்னைப் பார்த்து அவரே சொன்னார். “எனக்குக் காது கேக்காது. இது இருந்தாக் கொஞ்சம் கேக்கும். சத்தம் போடத் தேவையில்ல. முகத்தப் பாத்துக் கதைச்சாப் போதும்.”

என்ன துணிவு! குறையை மறைத்துப் பெண் எடுக்கிற ஊரில் இப்படி ஒருத்தர். எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துப் போனது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, வயது போய்விட்டது.

வண்ணக்கர் போட்ட கொழுக்கி

அம்மாவின் மூத்த அண்ணன், என் மாமா, எங்கள் கோயிலின் வண்ணக்கர். கோயில் காரியம் எல்லாம் அவர் சொல்லுக்குத்தான் நடக்கும். எங்கள் வீட்டுக் காரியமும் அப்படித்தான், ஏனென்றால் எங்களுக்கு அப்பா இல்லை.

அப்பா இறந்தது யானையால். நான் சின்னவளாக இருந்தபோது, படுவான்கரையில் எங்கள் வட்டையில் நெல் விளைந்து கிடந்த நேரம், காவலுக்குப் போன இடத்தில் அடித்துவிட்டது. அவரை மாட்டுக் கரத்தையில் ஏற்றித் துறைவரைக்கும் கொண்டுவந்தவர் மாமா. அதற்குப் பிறகு அவர் வாயில் யானை என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. ‘அது’ என்பார்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடும் வயலும் பெண்ணுக்கு. அந்த வயலைப் பார்ப்பது வருகிற மாப்பிள்ளையின் பொறுப்பு. மாமாவின் பயம் அங்கேதான் இருந்தது. சம்பந்தம் பேசியபோதே சொல்லிவிட்டார்.

“மிசின் போட்டா அவனுக்குக் கேக்குமெண்டு சொல்றீங்க. சரி. கேக்கிற மாப்பிள்ளைக்குத்தான் நான் ஓம் சொன்ன. கேக்காதவன வட்டைக்க விட்டிட்டு, அது வந்து, மறுகா இன்னொரு பிரேதத்த என்னால கரத்தையில ஏத்த ஏலா. மிசின் இல்லாட்டி எழுத்துமில்ல, கலியாணமுமில்ல.”

எனக்கு வாய் அடங்காது. “அப்பாக்கு ரெண்டு காதும் நல்லாத்தானே மாமா கேட்டது?” என்று கேட்டுவிட்டேன்.

அம்மா என் தொடையில் கிள்ளினார். மாமா எழும்பிப் போய்விட்டார். ஆனால் சொன்ன சொல்லை மாற்றவில்லை. ஆகவே என் கலியாணம் அந்தத் தகரப் பெட்டிக்குள் இருந்தது. அந்தப் பெட்டிதான் இப்போது தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தது.

இறாலோடு வந்தது

நடந்தது இதுதான். கலியாணத்துக்கென்று வாழைக்குலைகளைத் தோணியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். துறையில் குலையைத் தூக்கக் குனிந்தபோது பொக்கற்றில் இருந்த பெட்டி வழுகித் தண்ணீருக்குள் போய்விட்டது. வயரும் குமிழும் காதில் தொங்குகின்றன, பெட்டி இல்லை. இவர் வேட்டியோடு குதித்துக் காலால் சேற்றைத் துழாவியிருக்கிறார். கிடைக்கவில்லை. பக்கத்தில் அத்தாங்கு போட்டு இறால் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவரின் வலைக்குள், இறாலோடு இறாலாக அது வந்தது.

வந்ததும் சும்மா விட்டார்களா? இறால்காரர் ஒருதரம் அதன் சத்தம் கூட்டுகிற சக்கரத்தைத் திருகிப் பார்த்தார். தோணிக்காரர் ஒருதரம் திருகிப் பார்த்தார். “உசிர் இருக்கா எண்டு பாக்கத்தான்” என்றார்களாம். ஈரத்தோடு மின்சாரத்தைத் தட்டக்கூடாது என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. அதற்குப் பல வருடங்களுக்கு முன் ஒரு பெருவெள்ளத்தில் எங்கள் ஊர்ச் சங்கக்கடை மனேச்சரின் றேடியோ தண்ணீரில் மிதந்தது. பெரிய மரப்பெட்டி றேடியோ. வெள்ளம் வடிந்ததும் அவர் அதைக் கருவாடு மாதிரி உச்சி வெயிலில் போட்டார். மரம் வெடித்துப் பிளந்தது. பின்னேரம் காய்ந்துவிட்டது என்று சொல்லிப் பற்றரியைக் கொழுவினார். உள்ளே இருந்து புகை வந்தது. “றேடியோக்குப் பேய் புடிச்சிட்டு” என்று ஒரு பூசாரியையும் கூட்டிவந்தார். பூசாரி தேசிக்காய் வெட்டினார். றேடியோ அப்படியே கிடந்தது.

அந்தக் கதையில் இருந்து எங்கள் ஊர் ஒரேயொரு பாடத்தைத்தான் படித்தது: வெயில் கூடாது. அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அவித்த நெல்லுக்குள்

“வெயில்ல வச்சா வெடிச்சிரும். நெல்லுக்க வச்சாத் தண்ணிய இழுத்திரும்” என்றார் அம்மா. கேட்க நல்ல புத்தியாகத்தான் இருந்தது. நானும் ஓம் என்றேன். சிவலிங்கம் எங்கள் இரண்டு பேரின் வாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பெட்டியை அம்மாவின் கையில் கொடுத்தார். மாமாவின் காதுக்கு விசயம் போகமுன் திருத்திவிட வேண்டும் என்பதை நான் சைகையால் காட்டினேன். அவர் தலையாட்டினார். அது விளங்கித்தான் ஆட்டினாரா என்று எனக்குத் தெரியாது. புதன்கிழமை வருவதாகச் சொல்லி, ஒற்றைச் செருப்போடு தோணியேறிப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலையில் வீட்டில் கலியாணத்துக்கு நெல் அவித்தோம். வளவு முழுக்கப் பாய் விரித்து, ஆவி பறக்கப் பறக்க நெல்லைக் கொட்டிப் பரவினோம். அம்மா பெட்டியை எடுத்து ஒரு சீலைத் துண்டில் சுற்றி, நல்ல சூடாக இருந்த ஒரு பாயின் நடுவில் தாட்டார். பிள்ளைக்கு ஒத்தணம் பிடிக்கிற மாதிரி மேலே நெல்லைக் குவித்து, கையால் அமத்தியும் விட்டார். வீட்டுக்குள் நெல் சேர்த்து வைக்கிற அடிப்பெட்டியில் காய்ந்த நெல் கிடந்தது. அது அவருக்கு ஞாபகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

பின்னேரம் போல வானம் இருண்டது. பங்குனி மழைக்கு ஏது சொல் நாணயம்? முதல் துளி விழுந்ததும், நெல் காயப்போட வந்த தெய்வானையக்காவும் மற்றவர்களும் ஓடிவந்து நெல்லைக் கூட்டி அள்ளிச் சாக்குகளில் போட்டார்கள். அம்மா கோயிலடிக்குப் போயிருந்தார். நான் உள்ளே கூறைச் சட்டைக்குக் கொழுக்கி தைத்துக்கொண்டிருந்தேன். மழை பெய்யாமல் ஒதுங்கிப் போனதும், காய்ந்த பக்கத்து நெல்லை மட்டும் கரத்தையில் ஏற்றி மில்லுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அம்மா வந்து பாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“புள்ள, பெட்டி எங்க?”

“எந்தப் பெட்டி?”

“உண்ட மாப்பிள்ளைட காது!”

நான் எழும்பி ஓடினேன். கலியாணப் பெண் ரோட்டால் ஓடக்கூடாது என்று எனக்கு அப்போது யார் சொன்னாலும் கேட்டிருக்காது. சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலைமயிர் அவிழ, கல்முனை ரோட்டால் மில்லை நோக்கி ஓடுகிறேன். சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி நின்று, “ஆரும் மோசம் போயிட்டாங்களா புள்ள?” என்று கேட்டார். “இன்னும் இல்ல!” என்று கத்தினேன்.

மில்காரர் ஒரு சாக்கின் வாயை அவிழ்த்துத் தொட்டிக்குள் சரிக்கத் தொடங்கியிருந்தார். மிசின் இரைச்சலில் நான் கத்துவது அவருக்குக் கேட்கவில்லை. முன்னால் போய்க் கையை விரித்து நின்ற பிறகுதான் நிறுத்தினார். எந்தச் சாக்கு என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் நிலத்தில் கொட்டச் சொன்னேன். “உனக்கென்ன விசரா?” என்று கேட்டுக்கொண்டே கொட்டினார். அவித்த நெல்லின் வாசமும் எண்ணெய் வாசமும் மூக்கை அடைத்தன. நான் முழங்காலில் இருந்து கைகளால் அளைந்தேன். மூன்றாவது குவியலில் சீலைத் துண்டு விரலில் பட்டது.

அழுதேன். பெட்டிக்காக அழுதேனா, எனக்காக அழுதேனா, அதுவும் தெரியாது.

வின்சன்டின் கடை

புதன்கிழமை அம்மாவும் நானும் அவரும் மட்டக்களப்புக்குப் பஸ்ஸேறினோம். சீலைக்கு ஊசி நூல் வாங்கப் போவதாக ஊருக்குச் சொன்னோம். ஊசி நூல் வாங்க ஏன் மாப்பிள்ளையும் வருகிறார் என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் பார்த்தார்கள்.

சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் றேடியோ திருத்துகிற வின்சன்டின் கடை. வின்சன்ட் பறங்கி. பெரிய மீசை, அதைவிடப் பெரிய வாய். காதுமிசின் திருத்தியிருக்கிறீர்களா என்று அம்மா கேட்டதற்கு, “மாமி, நான் கை வச்சா கல்லும் கதைக்கும்” என்றார். திருத்தியிருக்கிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மூடியைக் கழற்றினார். உள்ளே உமித்தூள், பச்சையாக ஒரு களிம்பு, இரண்டு நெல்மணி. வின்சன்ட் மூக்கருகே வைத்து மணந்து பார்த்தார்.

“இதென்ன, புழுங்கல் வாசம் வருது?”

அம்மா பெருமையாகச் சொன்னார். வின்சன்ட் நெற்றியில் அடித்துக்கொண்டார். “ஐயோ மாமி! நீங்க இதக் காயப்போடல்ல. அவிச்சிருக்கிறீங்க!”

பிறகு அவர் செய்ததைப் பார்த்து அம்மாவுக்கு மயக்கம் வராத குறை. கார் பற்றரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரை ஒரு கோப்பைக்குள் ஊற்றி, பெட்டியின் உள்ளுடலை அப்படியே அதற்குள் தோய்த்தார்.

“தண்ணியில விழுந்தத மறுகாத் தண்ணியில போடுறியா பாவி?”

“ஆத்துத் தண்ணியில உப்புக் கிடக்கு மாமி. உப்பக் கழுவாமக் காயவச்சா உப்பே எல்லாத்தையும் திண்டிரும்.”

சொன்னது சரிதான் என்று பின்னாளில் அறிந்தேன். ஆனால் அடுத்ததாக அவசரப்பட்டார். தூரிகையால் ஸ்பிரிற் பூசி, மேசை விளக்கை நெருக்கமாகப் பிடித்து, ஒரு பீடி பிடித்து முடியும் நேரத்துக்குள், “சரி, காஞ்சிட்டு” என்றார். உண்மையில் இரண்டு மூன்று நாள் ஆறவிட வேண்டும். அந்த இரண்டு மூன்று நாளும் எங்களிடம் இருக்கவில்லை. நாங்களும் அவரை அவசரப்படுத்தினோம்.

புதுப் பற்றரி போட்டதும் பெட்டி ‘கீ...’ என்று விசிலடித்தது. கடைக்குள் நின்ற எல்லோரும் கைதட்டினார்கள். வின்சன்ட் தன் காதில் வைத்துப் பார்த்தார். அம்மா வைத்துப் பார்த்தார். விடுவேனா, நானும் வாங்கி என் காதில் வைத்தேன்.

கடவுளே! பஸ் கோர்ன், சைக்கிள் மணி, யாரோ காறித் துப்பியது, என் சீலை உரசுகிற சத்தம், எல்லாம் ஒரேயளவில் மண்டைக்குள் கொட்டின. வின்சன்ட் என்னிடம் ஏதோ சொன்னார். அந்த இரைச்சலுக்குள் அவருடைய குரலைப் பிடிக்க முடியவில்லை. நான் அவருடைய வாயைப் பார்த்தேன். அப்போது எனக்குத் திடீரென்று சிவலிங்கத்தின் மேல் பெரிய இரக்கமும், அதைவிடப் பெரிய மரியாதையும் வந்தன. இந்தச் சந்தைக்குள் இருந்துதான் அவர் எங்கள் கதைகளைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்.

குமிழை அவர் வாங்கித் தன் காதில் வைத்தார். “கேக்குதா?” என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினோம். அவர் சிரித்தார். தலையாட்டினார்.

அவர் எதற்கும் சிரிக்கிறவர் என்பதை, கடப்படியில் நனைந்து நின்றபோதே கண்டிருக்கிறேன்.

பின்னால் நின்ற மாமா

எங்கள் பக்கத்தில் துறையில் ஒருவர் தும்மினால் சந்தையில் ‘நூறு வயசு’ என்பார்கள். விசயம் மாமாவுக்குத் திங்கட்கிழமையே தெரிந்திருந்தது. வியாழக்கிழமை மத்தியானம் அவர் ஆள் அனுப்பினார். மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும், நாலு பெரியவர்கள் முன்னால் அவருக்குக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சிவலிங்கம் தன் தமக்கையோடு வந்தார். வெள்ளைச் சட்டை, பொக்கற்றில் பெட்டி, காதில் குமிழ். மண்டபத்தில் பாயில் இருத்திச் சோறு போட்டோம். நான் குசினி வாசலில் நின்று அவருடைய கண்ணைப் பிடிக்கப் பார்த்தேன். “மிசின் வேலை செய்யுதா?” என்று வாயை மட்டும் அசைத்துக் கேட்டேன். அவர் கத்தரிக்காய்க் கறி நல்லாயிருக்கிறது என்று சொன்னார். விளையாடுகிறாரா? விளங்கவில்லையா? அல்லது கேட்டுத்தான் சொல்கிறாரா?

சாப்பிட்டு முடிந்ததும் மாமா எழும்பினார். ஒன்றும் சொல்லாமல் சுற்றிப் போய் அவருக்குப் பின்னால் நின்றார். சிவலிங்கம் எங்களைப் பார்த்தபடி இருந்தார். பெரியவர்கள் வெற்றிலை போடுவதை நிறுத்தினார்கள்.

மாமா ‘வெத்தில எடுங்க’ என்றோ ‘பேரென்ன’ என்றோ கேட்பார் என்றுதான் நினைத்தேன். அவர் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. குரலைத் தணித்து, சுவருக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

“இந்தச் செவிடனுக்கா நம்மட புள்ளையக் குடுக்கிற?”

அம்மா வாயைப் பொத்தினார். மாப்பிள்ளையின் தமக்கையின் முகம் செத்துப்போனது. எனக்கு ஆத்திரத்தில் கண் இருண்டது. தலையைக் குனிந்துகொண்டேன்.

சிவலிங்கம் திரும்பிப் பார்க்கவில்லை. கையில் இருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, அமைதியாகச் சொன்னார்.

“ஓம் ஐயா. இந்தச் செவிடனுக்குத்தான்.”

பிறகு பெரியவர் ஒருவர் வெடித்துச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். மாமா வெட்கத்தோடு முன்னால் வந்து உட்கார்ந்தார். வெற்றிலைத் தட்டைத் தன் கையாலேயே மாப்பிள்ளையின் பக்கம் நகர்த்தினார். “மிசின் நல்லாத்தான் வேலை செய்யுது” என்றார்.

அன்று தொடக்கம் ஊரில் பெருமைக்கு ஆள் குறைவில்லை. நெல்லுதான் காப்பாற்றியது என்றார் அம்மா. சாகும்வரை அப்படியே சொன்னார். தன் ஸ்பிரிற்தான் காப்பாற்றியது என்று வின்சன்ட் கடைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் சொன்னார். இறால்காரர்கூடத் தான் சரியான நேரத்தில் சக்கரத்தைத் திருகியதால்தான் என்று சொல்லித் திரிந்தார். நான் மூன்று பேருக்கும் நன்றி சொன்னேன்.

கிணற்றடி

அன்று, சிரிப்பு அடங்கியதும் சிவலிங்கம் கை கழுவக் கிணற்றடிக்குப் போனார். நான் வாளியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். யாராவது பார்த்தால் பார்க்கட்டும் என்று ஒரு துணிவு வந்திருந்தது. முன்னால் போய் நின்று, “நல்ல மறுமொழி சொன்னீங்க” என்றேன்.

அவர் என் வாயைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அந்த முகத்தில் சிரிப்பில்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தரம்.

“பெட்டி வேலை செய்யல்ல புள்ள. நேத்து பஸ்ஸுக்குள்ளயே நிண்டு போச்சு.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “அப்ப மாமா சொன்னது?”

“கேக்கல்ல.”

“கேக்காம எப்பிடி...”

“உங்கட அம்மா வாயப் பொத்தினா. அக்காட முகம் மாறிச்சு. நீ தலையக் குனிஞ்சிட்டாய்.” வாளிக்குள் கையை விட்டுக் கழுவிக்கொண்டே சொன்னார். “சின்ன வயசில இருந்து எனக்குப் பின்னால நிக்கிற ஆக்கள் அந்த ஒண்டத்தான் சொல்றவங்க. என்னத்தச் சொன்னாரெண்டு கேக்கத் தேவையில்ல.”

கையை உதறிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“உனக்குச் சொல்லாம எழுத்து வைக்க எனக்கு மனமில்ல. புதுப் பெட்டி எடுக்க மாசக் கணக்காகும். அதுவும் எவ்வளவு நாளைக்கெண்டு தெரியா. உனக்கு வேணாமெண்டா, மிசின் பழுதெண்டு நானே உள்ள போய்ச் சொல்லிட்டுத் தோணியேறுறன். உன்னில ஒரு பழியும் வராது.”

எனக்கு மாமாவின் மேல் ஆத்திரம், பெட்டியின் மேல் ஆத்திரம், அப்பாவைக் கொன்ற யானையின் மேல் ஆத்திரம், இப்படி அமைதியாக நிற்கிற இந்த மனிதரின் மேலும் ஆத்திரம். கண்ணீர் முட்டியது. அதை அவர் பார்க்கக்கூடாது என்று கிணற்றுப் பக்கம் திரும்பி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். வயலைக் குத்தகைக்கு விடலாம் என்றேன். காது கேட்கிற எத்தனை பேர் பெண்சாதி சொல்லுக் கேட்கிறார்கள் என்று கேட்டேன். உங்களை எனக்குப் பிடித்தது பெட்டியைப் பார்த்தல்ல என்றும் சொன்னேன். அப்படியெல்லாம் வாய்விட்டுச் சொல்ல எனக்கு எங்கிருந்து வந்ததோ!

சொல்லி முடித்துவிட்டு மறுமொழிக்குக் காத்து நின்றேன். ஒன்றும் வரவில்லை. திரும்பினேன். அவர் ஈரக் கையோடு அப்படியே நிற்கிறார். முகம் வெளிறியிருக்கிறது.

“நீ ஒண்டும் சொல்லல்லையே, புள்ள.”

நான் அவருக்கு நேரே போய் நின்றேன். அழுத முகத்தை மறைக்கவில்லை. அவர் என் வாயைப் பார்க்கும்வரை பொறுத்து நின்று, மெதுவாகச் சொன்னேன்.

“நாளைக்கு எழுத்துக்குப் பிந்தாம வாங்க.”